பழுது பார்த்த பாலத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். பாலம் பழுதுபார்க்கும் வேலைகளில் சைட் இன்ஜினியராகப் பல வருடம் இருந்தவன். ஊரில் ஒரு பாலத்துக்குச் சாரம் கட்டிவிட்டால் போதும், டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் கேள்விகள் வரும். "சரி பண்ணிட்டாங்களா? இனிமே பயமில்லையா?" என்பதில்தான் பெரும்பாலும் தொடங்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாலத்தைத்தான் சரிசெய்துவிட்டார்களே, அப்புறம் எதற்குக் கண்காணிப்பு?

தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஓட்டை விழுந்த படகுக்கு ஒட்டுப் போட்டுக் கடலுக்குப் போய்வந்தால், கரை ஏறியதும் அந்த ஒட்டின் ஓரத்தைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்கள். பழையதும் புதியதும் சேரும் கோடுதான் முதலில் விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாலத்திலும் அப்படித்தான். பழுது பார்த்த பாலத்தில் 40, 50 வயதான காங்கிரீட்டும் நேற்று போட்ட கலவையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி விரிவதில்லை, ஒரே மாதிரி சுருங்குவதும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பழுது பார்த்தார்கள் என்று சொல்லும்போது எந்தப் பகுதியைப் பார்த்தார்கள் என்பது முக்கியம். குஜராத் மோர்பி தொங்கு பாலத்தைப் பழுது பார்த்து 2022 அக்டோபர் 26ஆம் தேதி திறந்தார்கள். 30ஆம் தேதி அறுந்து விழுந்தது, 135 பேர் இறந்தார்கள். நடக்கும் தளத்துக்குப் புது அலுமினியத் தகடு போட்டிருந்தார்கள். ஆனால் பாலத்தைத் தாங்கும் பழைய கம்பிக்கயிறு அப்படியே இருந்தது. அதிலிருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்ததாக விசாரணைக் குழு கண்டது. கண்ணுக்குத் தெரிவது புதிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாததும் புதிது என்று மனம் நம்பிவிடுகிறது. புதுப் பெயிண்ட் அடித்த ஒரு பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மோர்பி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நம்ம பக்கத்துப் பாலங்களுக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல்?

உப்பு. அப்புறம் வெள்ளம்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அரியாங்குப்பம் ஆறு, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு, கடலூருக்குள் நுழையும்போது தென்பெண்ணை, ஊருக்குள் கெடிலம். பழைய டவுன் பக்கம் போனால் உப்பனாறு. எல்லாமே கடலுக்குப் பக்கத்தில் கடக்கும் ஆறுகள். கடல் ஓதம் உள்ளே ஏறி இறங்கும். தூணின் ஒரு பகுதி சில மணி நேரம் நனையும், சில மணி நேரம் காயும். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியைவிட இப்படி நனைந்து காயும் பகுதிதான் சீக்கிரம் கெடும். நனையும்போது உப்பு உள்ளே போகிறது, காயும்போது தண்ணீர் மட்டும் வெளியேறி உப்பு தங்கிவிடுகிறது. துருப்பிடிக்க ஆக்சிஜனும் வேண்டும். காயும் நேரத்தில் அதுவும் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது.

புதுச்சேரி கடற்கரையில் 1962இல் கட்டிய பழைய கப்பல் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்ததை நம்மில் பலர் பார்த்தோம். சின்ன வயதிலிருந்து பார்த்த ஒன்று அப்படிக் கிடந்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இந்தக் கடலோரத்துக் காற்றும் அலையும் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட அருகில் ஒரு சாட்சி இல்லை.

வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பர் மழை, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலுக்குப் பின் டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அத்தனையும் தென்பெண்ணை வழியாக நம் பக்கம்தான் வந்தது.

ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடைகிறதே, வேலை சரியில்லையா?

வேலை சரியில்லாமலும் இருக்கலாம். ஆனால் நன்றாகச் செய்த வேலையிலும் இது நடக்கும். பழுது பார்த்த பாலங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நல்ல காங்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. கடல் உப்பில் இருக்கும் குளோரைடு கம்பிவரை போய்ச் சேர்ந்தால் அந்தப் படலம் அங்கங்கே உடைகிறது. உடைந்த இடத்தில் துரு பிடிக்கிறது. துரு, அது தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளுவதால் மேல் காங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. பாலத்துக்கு அடியில் கம்பி தெரிகிறது என்று நாம் சொல்வது இந்தக் கட்டத்தில்தான்.

துருப்பிடிப்பது ஒரு பேட்டரி மாதிரி நடக்கும் வேலை. ஒரு இடத்தில் கம்பி கரையும்போது அதே கம்பியின் பக்கத்துப் பகுதி காப்பாற்றப்படும். கரையும் இடம் தன்னைக் கொடுத்துப் பக்கத்தைக் காக்கிறது என்று சொல்லலாம். இப்போது நாம் போய் அந்தக் கெட்ட இடத்தை மட்டும் உடைத்து எடுத்துவிட்டு, கம்பியைச் சுத்தம் செய்து, உப்பில்லாத புதுக் கலவையால் மூடுகிறோம். அந்த இடம் நல்லதாகிவிட்டது. ஆனால் அதுவரை காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்த பக்கத்துப் பகுதி இன்னும் உப்போடுதான் இருக்கிறது. காவலும் போய்விட்டது. இனி அது கரையத் தொடங்கும். புது ஒட்டு அதற்கு எதிர்முனையாகி அதை இன்னும் வேகப்படுத்தவும் கூடும். அதனால்தான் ஒட்டைச் சுற்றி மாலை போட்டதுபோல வளையமாகப் புது வெடிப்பு வருகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பாலத்தில் உத்தரங்களின் அடிப்பக்கம் முழுக்க ஒட்டு வேலை செய்தோம். கலவை நல்ல கலவை, பதம் பார்த்துப் போட்டது, ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்தோம். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. மூன்று மழைக்காலம் கழித்து அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். எங்கள் ஒட்டு ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு சாண் தள்ளிப் பழைய காங்கிரீட் உப்பியிருந்தது. சுத்தியலால் தட்டினால் பானையைத் தட்டுவதுபோலச் சத்தம். வேலை முடிந்த பிறகு இடைப்பட்ட மூன்று வருடத்தில் யாரும் அங்கே ஒரு அளவுகூட எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்திலும் இல்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு மாற்று இருக்கிறது. நம் துறைமுகத்தில் இரும்பு விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். அதே மாதிரி சின்னத் துத்தநாகக் கட்டிகளை ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு கட்டி உள்ளே புதைக்கலாம். ஒட்டின் எல்லையை வெடித்த இடத்தோடு நிறுத்தாமல் உப்பு ஏறிய பகுதி முழுவதையும் எடுப்பது இன்னும் நல்லது, செலவு கூடுதல். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கடலோரத் துருவைப் பற்றிப் பல காலமாக ஆராய்ந்துவருகிறது. மண்டபத்தில் அதற்கென்றே ஒரு மையமும் வைத்திருக்கிறது. அறிவு நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் கண்காணிப்பை எப்போது தொடங்க வேண்டும்?

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால். பழுது வேலை முடிந்து, வண்டிகளை விடுவதற்கு முன்னால் எடுக்கும் அளவுகளை நான் ஆரம்ப அளவுகள் என்பேன். ஒவ்வொரு கண்ணும் (இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கும் பகுதி) எவ்வளவு தாழ்கிறது, எப்படி அதிர்கிறது, ஒட்டுக்குள்ளும் ஒட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்கும் கம்பியின் மின்னழுத்தம் என்ன, தூணின் மேல் தளத்தைத் தாங்கும் பேரிங் எந்த நிலையில் நிற்கிறது, தூணுக்கு அடியில் ஆற்றுப்படுகை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது எல்லாமே அதில் வர வேண்டும். இது இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்து ஒருவர் வந்து 4 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று அளந்தாலும் பயனில்லை. எதிலிருந்து 4 மி.மீ. என்று சொல்ல ஆள் இருக்காது.

மேலே பூச்சு அடித்துவிட்டால் சில அளவுகளை எடுக்கவே முடியாது. அதற்காகவும் பெயிண்டுக்கு முன்னால் என்கிறேன்.

உடைக்காமல் உள்ளே துரு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முதல் கருவி சுத்தியல். காதுதான் மீட்டர். கெட்டியான இடத்தில் கணீர் என்று ஒலிக்கும், உள்ளே பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். பழகிய ஆள் ஒரு நாளில் ஒரு கண் முழுவதும் தட்டிவிடுவார். இதைப் பழைய காலத்து முறை என்று ஒதுக்குபவர்களை நான் நம்புவதில்லை.

அடுத்தது அரைமின்கலச் சோதனை. கம்பியின் ஒரு முனையில் ஒயரை இணைத்து, செம்பும் மயில்துத்தக் கரைசலும் உள்ள ஒரு குழாயைக் காங்கிரீட்டின் மேல் வைத்து, இடம் இடமாக வோல்ட் அளப்பார்கள். அளவு மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்கு மேலே இருந்தால் துரு இல்லாமல் இருக்க 90 சதவீத வாய்ப்பு. மைனஸ் 350க்குக் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு. நடுவில் இருந்தால் அப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, அடுத்த முறை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு அளவு தனியாகப் பெரிதாக எதையும் சொல்லாது. அதே இடத்தை அடுத்த அடுத்த வருடங்களில் அளந்து வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான், ஒட்டைச் சுற்றி அந்த வளையம் மெல்ல உருவாவது தெரியும். மேல் காங்கிரீட் வெடிப்பதற்குப் பல காலம் முன்பே தெரிந்துவிடும்.

எபாக்சி என்ற பிசின் பூச்சின் மேல் இந்தச் சோதனை எடுபடாது. பழுது வேலையில் எங்கெங்கே எபாக்சி அடித்தார்கள் என்ற குறிப்பு இல்லாமல் எடுத்த அளவுகளை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

பினாப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த காங்கிரீட்டில் தெளித்தால் காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. பள்ளிக்கூடத்து லேபில் பார்த்த அதே கரைசல்தான். ஒலியலைச் சோதனையில் அலை நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் காங்கிரீட் மிக நல்லது, 3 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒட்டும் பழைய காங்கிரீட்டும் சரியாகப் பிடித்திருக்கின்றனவா என்றும் இதில் ஓரளவு தெரியும்.

மணல் லாரிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்களே, அதில் என்ன தெரியும்?

அது சுமைச் சோதனை. சாலைக்கும் பாலத்துக்கும் விதிமுறை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸின் எஸ்.பி. 51 என்ற வழிகாட்டி அதற்கு முறை சொல்கிறது. சுமையைப் படிப்படியாக ஏற்றி, முழுச் சுமையை 24 மணி நேரம் வைத்து, தாழ்வை அளந்து, சுமையை இறக்கிய பின் மறுபடி 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தாழ்ந்ததில் எவ்வளவு திரும்ப மேலே வந்தது என்பதுதான் கணக்கு. சாதாரணக் கம்பிக் காங்கிரீட் என்றால் குறைந்தது 75 சதவீதம், கம்பிவடங்களை இழுத்து இறுக்கிச் செய்யும் முன்தகைவுக் காங்கிரீட் என்றால் 85 சதவீதம் மீள வேண்டும். வெயிலால் தளம் வளைவதைக் கழிப்பதற்காகச் சுமை இல்லாமலும் ஒரு நாள் அளவு எடுப்பார்கள்.

தேறிவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் இது இன்றைய பலத்தைச் சொல்லுமே தவிர, துரு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைச் சொல்லாது. குறிப்பாக முன்தகைவுப் பாலங்களில் கம்பிவடங்கள் குழாய்க்குள் மறைந்து கிடக்கும். கோவாவில் 1970இல் திறந்த மண்டோவிப் பாலம் 1986 ஜூலை 5இல் இடிந்து விழுந்தது. வடங்களைத் துரு தின்றிருந்தது. வயது 16தான்.

சென்சார் வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா?

சென்சார் வேண்டும் என்று நினைப்பவன்தான் நான். பெரிய பாலங்களுக்கும் ஒருமுறை பெரிய பழுது வந்த பாலங்களுக்கும் கட்டாயம் வேண்டும். இழுவிசையை அளக்க ஒன்று, அதிர்வுக்கு ஒன்று, தூண் சாய்வதை அளக்க ஒன்று, விரிசல் அகலத்துக்கு ஒன்று, வெப்பநிலைக்கு ஒன்று என்று பலவகை இருக்கின்றன. மின்சாரம் ஓடாத ஒளியிழைச் சென்சார்கள் உப்புக்காற்றில் துருப்பிடிக்காது என்பதால் நம் பக்கத்துக்கு ஏற்றவை.

பலன் தந்த உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், தூக்குப் பகுதியில் பொருத்திய சென்சார்கள் 2022 டிசம்பரில் அபாய எச்சரிக்கை கொடுத்தன. உடனே ரயில்களை நிறுத்தினார்கள். நூறு வயது தாண்டிய இரும்பு, சுற்றிலும் கடல். எச்சரிக்கையை மதித்து நிறுத்தினார்கள் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் 2007இல் ஒரு பாலம் விழுந்து 13 பேர் இறந்த பிறகு, அங்கேயே கட்டிய புதுப் பாலத்தில் கட்டும்போதே 300க்கும் மேற்பட்ட சென்சார்களைப் புதைத்தார்கள்.

ஆனால் இரண்டு சங்கடங்கள். ஒன்று, வெயில். காங்கிரீட் தளம் ஒரு நாளில் 20 டிகிரி சூடாகிறது என்று வையுங்கள். 30 மீட்டர் கண் ஒன்று 7 மி.மீ. நீளும். இந்த அசைவு ஒரு லாரி போவதால் வரும் அசைவைவிடப் பெரியதாக இருக்கலாம். அதனால் வெப்பநிலையையும் சேர்த்து அளந்து, குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பாலத்தின் இயல்பைப் படித்த பிறகுதான் எது நோய், எது வெயில் என்று பிரிக்க முடியும். முதல் மாதமே அலாரம் எல்லை வைத்துவிட்டால், சித்திரை மாதம் தினமும் பொய் அலாரம் அடிக்கும். பத்தாவது நாள் யாரோ அதை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உண்மையான அலாரம் வந்தாலும் கேட்க ஆளிருக்காது.

இரண்டாவது, ஆள். பேட்டரி மாற்ற, அறுந்த ஒயரைக் கட்ட, வந்த எண்களைப் படிக்க ஒருவருக்குச் சம்பளம் வேண்டும். கருவிக்கு ஒதுக்கும் பணத்தோடு ஐந்து வருடத்துக்கு ஆளுக்கும் ஒதுக்காவிட்டால், கருவியை வாங்காமலே இருக்கலாம். அந்தப் பணத்தில் சுத்தியல் வைத்திருக்கும் நாலு பேரைப் பயிற்றுவிக்கலாம்.

பஸ் நிறுத்தி நிற்கும்போது பாலம் ஆடுகிறதே?

ஆட வேண்டும். 20 முதல் 30 மீட்டர் நீளமுள்ள ஒரு காங்கிரீட் கண் நொடிக்கு ஏறக்குறைய 3 முதல் 5 தடவை அதிரும். அது அதன் இயல்பு. வீணைத் தந்தி தளர்ந்தால் சுருதி இறங்குகிற மாதிரி, கண்ணின் விறைப்பு குறைந்தால் இந்த எண்ணிக்கையும் இறங்கும். விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் சுமார் 5 சதவீதம்தான் குறையும். உங்கள் காலுக்கு அது தெரியாது, கருவிக்குத் தெரியும்.

வெள்ளம் வடிந்த பிறகு பாலம் நன்றாகத்தானே நிற்கிறது? உடனே திறந்தால் என்ன?

இதைக் கேட்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். பாலங்கள் விழுவதற்கு உலகம் முழுவதும் முதன்மையான காரணங்களில் ஒன்று தூணின் அடியில் மண் அரிப்பு. தூணில் மோதும் தண்ணீர் கீழ்நோக்கிச் சுழன்று அடிமண்ணைத் தோண்டும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது குழி அதிக ஆழத்தில் இருக்கும். தண்ணீர் வடியும்போது, மேலிருந்து வந்த மணல் அதே குழியை நிரப்பிவிடும். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் படுகை சமதளமாக, ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். ஆனால் நிரம்பியது தளர்ந்த மணல். பழைய இறுகிய மண்ணின் பிடிப்பு அதற்குக் கிடையாது. அடுத்த வெள்ளம் அதை முதல் மணி நேரத்திலேயே எடுத்துக்கொண்டு போகும்.

2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். அதில் வண்டிப் போக்குவரத்தை முன்பே நிறுத்தியிருந்தார்கள் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

அதனால் தூணில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நீர்மட்டக் கோடு வரைந்து, அதைத் தண்ணீர் தொட்டால் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்துவதா வேண்டாமா என்று அந்த இரவில் உட்கார்ந்து பேசக் கூடாது, முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வெள்ளம் ஓடும்போதே ஆழம் அளக்க எதிரொலிக் கருவிகள் இருக்கின்றன. அது இல்லாத இடத்தில் தூணின் உச்சியில் சாய்வுமானி ஒன்று போதும், அடி ஆட்டம் கண்டால் தலை சாயும். வடிந்த பிறகு படுகையில் கம்பியைக் குத்தி, எந்த ஆழத்தில் இறுகிய மண் தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவே இல்லை.

பாலத்தின் மேல்பகுதியை எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும் அடிமண்ணுக்கு அதில் சம்பந்தமில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் மணல் அள்ளினால் படுகையே மொத்தமாக இறங்கும். அதையும் பாலத்தின் உடல்நலக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

பேரிங் மாற்றினால் பாலம் புதுசு மாதிரி ஆகிவிடுமா?

பேரிங் என்பது தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் மெத்தை. நான் மேலே சொன்ன 7 மி.மீ. நீட்சிக்கு இடம் கொடுப்பது அதுதான். அது இறுகிப்போனால் தளம் நீளும்போது தூணைத் தள்ளும். 1976இல் கட்டிய திருச்சி காவிரிப் பாலத்தை 2022, 23இல் பல மாதம் மூடி, பேரிங்கும், தளங்கள் சேரும் இடத்தில் இருக்கும் இணைப்பு இடைவெளிகளும் மாற்றியதைப் படித்திருப்பீர்கள். தளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கித்தான் மாற்ற முடியும்.

மாற்றிய முதல் வருடம் முக்கியமானது. காலை 6 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் ஒரே பேரிங்கை அளந்து பாருங்கள். அசைந்தால் நல்லது. அசையவில்லையென்றால் இணைப்பு இடைவெளியில் மண்ணும் ஜல்லியும் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல இடங்களில் அதுதான் காரணமாக இருக்கும். மேலே தார் போடுகிறவர்கள் இடைவெளியின் மேலேயே போட்டு மூடிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

தூணைச் சுற்றிக் கறுப்புத் துணி மாதிரி ஒட்டியிருக்கிறார்களே?

கார்பன் இழைத் துணி. எபாக்சியால் ஒட்டுவார்கள், பலம் உண்மையிலேயே கூடும். நாணயத்தால் தட்டினால் ஒட்டாமல் காற்று நிற்கும் இடம் தெரிந்துவிடும். உள்ளே துரு நடந்தால் துணி அதை மறைத்துவிடும் என்பதால், சுற்றுவதற்கு முன்னால் துருவைத் தீர்த்திருக்க வேண்டும்.

விரிசல் எல்லாமே ஆபத்தா?

இல்லை. கம்பிக் காங்கிரீட்டில் மெல்லிய விரிசல் இயல்பு. கடலோரத்தில் 0.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. இரண்டு ஜெராக்ஸ் தாள் சேர்ந்த கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைவிட வளர்ச்சிதான் முக்கியம். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுவது பழைய வழக்கம், கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது. ஒட்டின் ஓரத்தில் வரும் விரிசலில் பழுப்புக் கறை வழிந்தால் அளக்கவே வேண்டாம், சொல்லிவிட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

என் கணக்கு இது. பழுது முடிந்த முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிறகு வருடத்துக்கு இரண்டு, புரட்டாசியில் ஒன்று, தை பிறந்ததும் ஒன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் என்பதுதான் கணக்கு. புயலோ பெருவெள்ளமோ வந்தால் தேதி பார்க்காமல் உடனே. நிலநடுக்கம், தீ விபத்து, தூணில் வண்டி மோதியது எல்லாவற்றுக்கும் இதேதான்.

குறை கண்டால் யாரிடம் சொல்வது?

தேசிய நெடுஞ்சாலைப் பாலம் என்றால் 1033. தமிழ்நாட்டு எல்லைக்குள் மற்றவற்றுக்கு முதல்வரின் உதவி எண் 1100, மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு நம்ம சாலை செயலியும் இருக்கிறது. புதுச்சேரி எல்லைக்குள் பொதுப்பணித் துறை. நம் பக்கத்தில் ஆற்றுக்கு இக்கரை ஒரு அரசு, அக்கரை இன்னொன்று என்று இருப்பதால் எந்தப் பாலம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். "பாலம் பாதுகாப்பாக உள்ளதா" என்று கேட்காதீர்கள், "உள்ளது" என்று ஒரு வரி வரும். பழுது முடிந்தபோது எடுத்த அளவுகளின் நகல், கடைசியாக ஆய்வு செய்த தேதி, அந்த ஆய்வறிக்கையின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். ஆரம்ப அளவுகளே எடுக்கவில்லை என்று பதில் வந்தாலும் நல்லதுதான், எடுக்கச் சொல்லி மனு கொடுக்க அதுவே ஆதாரம்.

இவ்வளவு வம்புக்குப் பழையதை இடித்துப் புதுப் பாலமே கட்டலாமே?

சில பாலங்களுக்கு அதுதான் சரி. ஆனால் புதிது என்பதாலேயே பார்க்காமல் இருக்க முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு தொண்டமானூர் பாலம் 2024 செப்டம்பரில்தான் திறந்தது. டிசம்பரில் அதே ஃபெஞ்சல் வெள்ளம், அதே தென்பெண்ணை, அடித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

நாங்கள் தினமும் படகில் பாலத்துக்கு அடியில் போகிறவர்கள். எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

உப்பனாற்றுப் பக்கம் ஒரு தம்பி இதைக் கேட்டார். எனக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பாலத்தின் மேல் போகிற ஆயிரம் பேர் பார்க்காததை அடியில் போகிற நீங்கள் பார்க்கிறீர்கள்.

ஒவ்வொரு மாதமும் அமாவாசைக்கு அடுத்த நாள், ஓதம் நன்றாக இறங்கியிருக்கும் நேரத்தில், அதே தூணை அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். படத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அளவு தெரியாது. தூண் எண் எழுதியிருந்தால் அதுவும் வரட்டும். புது ஒட்டின் சாம்பல் நிறம் பழையதிலிருந்து தனியாகத் தெரியும். ஒட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தைப் பாருங்கள். பழுப்புக் கறை, மயிரிழை விரிசல், உப்பல், தண்ணீரில் உதிர்ந்து கிடக்கும் காங்கிரீட் சில்லு. தண்ணீர் வற்றும்போது அஸ்திவாரத்தின் மேல்விளிம்பு முன்பு தெரியாமல் இருந்து இப்போது தெரிகிறது என்றால் அதை முதல் வேலையாகச் சொல்லுங்கள். அந்தத் தம்பி இப்போது மூன்றாவது மாதமாக எனக்குப் படம் அனுப்புகிறார். ஐந்தாம் தூணில் ஒட்டின் இடது ஓரத்தில் ஒரு கறை இருக்கிறது. சென்ற மாதம் விரல்நகம் அளவு இருந்தது, இந்த மாதமும் அதே அளவு. தேதியோடு சேர்த்து மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.